ராஜாவின் கல்லறையும் சைட் கணக்கும்

சைட் இன்ஜினியராகவே காலம் தள்ளியவன் நான். எகிப்து ராஜாக்களின் கல்லறை பற்றிப் படித்தால் தங்க முகமூடியில் மனம் நிற்பதில்லை. பிளான் எங்கே மாறியது, கூலி ஒழுங்காக வந்ததா என்றுதான் கண் போகிறது. மன்னர்களின் பள்ளத்தாக்கில் உள்ள மூன்றாம் ராமேசஸின் கல்லறை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

குடைய ஆரம்பித்தது அவருடைய அப்பா செட்நக்தே. பாறைக்குள் போன ஆட்கள், பக்கத்தில் ஏற்கெனவே இருந்த, அமென்மெஸ்ஸே என்ற முந்தைய ராஜாவின் கல்லறைக்குள் இடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வேலை நின்றது. பிற்பாடு மகன் அதே குடைவை எடுத்து, அச்சைப் பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே தொடர்ந்தார். தளப்படத்தில் நடைபாதை ஓரிடத்தில் சட்டென்று விலகுவது இன்றைக்கும் தெரியும். பள்ளம் தோண்டும்போது யாருக்கும் தெரியாத பழைய குழாய் குறுக்கே வந்து அலைன்மென்ட்டை மாற்றியவர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

வேலையாட்கள் டெய்ர் எல் மெதினா ஊரில் குடும்பத்தோடு இருந்தார்கள். வலம், இடம் என்று இரண்டு கேங். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஸ்திரி. செம்பு உளி அரசுச் சொத்து. எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டே திரும்ப வாங்குவார்கள். விளக்குத் திரிக்கும் கணக்கு உண்டு. இரண்டாம் ராமேசஸ் காலத்து வருகைப்பதிவு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒருவனுக்குத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண் வலி, இன்னொருவன் பீர் காய்ச்சப் போயிருக்கிறான். எங்கள் முஸ்டர் ரோலில் காரணம் எழுதக் கட்டமே கிடையாது, ஆப்சென்ட் என்றால் ஆப்சென்ட்தான்.

கூலி தானியமாக வரும். சாதாரண ஆளுக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.மு. 1157-இல், அது வராமல் இழுத்தடித்தது. ஆட்கள் காவல் சுவர்களைத் தாண்டி வந்து, முந்தைய ராஜா மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காயில்லை, பார்வோனுக்கு எழுதுங்கள் என்றார்கள். இத்தாலியின் டூரினில் உள்ள பாப்பிரஸில், அதாவது நாணல் தாள் சுருளில், இது பதிவாகியிருக்கிறது.

நான் இருந்த ஒரு சைட்டில் பில் பாஸாகவில்லை என்று கூலி தள்ளிப்போய், ஒருநாள் ஒரு ஆள்கூட ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. மேலிடத்திலிருந்து வந்த முதல் கேள்வி, தூண்டிவிட்டது யார் என்பதுதான். அந்த வகையில் எகிப்து அதிகாரிகள் பரவாயில்லை. முந்தைய மாதத்துத் தானியக் கூலியையாவது அளந்து கொடுத்தார்கள். அடுத்த மாதம் மறுபடி வேலை நின்றது.