2008 அவெஞ்சர்: அலங்காரத்துக்கு முன்னால் பார்த்த வேலைகள்

என்னிடம் இருப்பது 2008 மாடல் பஜாஜ் அவெஞ்சர் 200 பைக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் வெளிநாடு போய்விட்டதால் தார்ப்பாய் போர்த்தி வருஷக்கணக்கில் நின்ற வண்டி. ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் அதிகம் செலவு வைக்கும். தெரிந்தேதான் வாங்கினேன். தாழ்வான சீட்டில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற சுகம் இந்த விலையில் வேறு எதிலும் கிடைக்கவில்லை. 'ஃபீல் லைக் காட்' என்று இந்த வண்டிக்கு விளம்பரம் செய்தார்கள். கடவுள் அளவுக்கெல்லாம் வேண்டாம், முதுகு வலிக்காமல் திண்டிவனம் வரை போய் வந்தால் போதும் எனக்கு.

வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் "சைலன்சர் எப்ப மாத்தப் போற?" என்றுதான் கேட்டார்கள். நான் பெட்ரோல் டேங்கில் ஆரம்பித்தேன்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே முழுக்கத் துரு. இதை வைத்துக்கொண்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் துருத்தூள் இறங்கி மறுபடி அடைக்கும். டேங்கைக் கழற்றி, மிச்ச பெட்ரோலை வடித்து, நன்றாகக் கழுவினேன். பெட்ரோல் டேப்பையும் அளவு காட்டும் மிதவை சென்சாரையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து முடுக்கினேன். உள்ளே வினிகர் ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, டேங்கைப் பழைய போர்வையில் சுற்றிக் குலுக்க வேண்டும். நட்டுகளை எண்ணிப் போடுங்கள். வெளியே எடுக்கும்போது ஒன்று குறைந்தாலும் அன்றைய பொழுது அதற்கே போய்விடும். ராத்திரி முழுக்க ஊற வைத்துக் காலையில் கவிழ்த்தால் காபி டிகாஷன் மாதிரி கொட்டியது. அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி அமிலத்தைப் போக்கி, ஹேர் டிரையரால் உள்ளே காய வைத்தேன். காய்ந்த கையோடு கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி உள்சுவர் முழுக்கப் படியும்படி சுழற்ற வேண்டும். வெறும் இரும்பு சென்னைக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருவேற ஆரம்பித்துவிடும்.

கார்புரேட்டரில் பைலட் ஜெட், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது பெட்ரோல் போகிற பொடி ஓட்டை வைத்த பாகம், அடைத்திருந்தது. அதன் ஓட்டையைக் கம்பியால் குத்தக் கூடாது, அளவு பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரசர் காற்றும் போதும். ரப்பர் டியூப், ஓ-ரிங் எல்லாவற்றையும் கையோடு மாற்றிவிட்டேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ஆம் வருஷத்து ரப்பர் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஊருக்குப் போகும்போது டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு அணைக்கிறேன்.

டயரில் பட்டன் எல்லாம் ஆழமாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண் வேறு கதை சொன்னது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். கல்லாகிப்போன பழைய ரப்பர். பின்னால் 15 இன்ச் வீல் என்பதால் தெருமுனைக் கடையில் டயரும் டியூபும் கிடைப்பது கஷ்டம். புதுப்பேட்டைப் பக்கம் அலைந்து வாங்கினேன், ஒரு டியூப் கூடுதலாக.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பியபோது நடுவில் லேசாகச் சிக்கி நின்றது. ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றினேன், அதோடு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி எல்லாவற்றையும். கிக்கர் இல்லாத வண்டியில் பேட்டரி விஷயத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் தள்ளத்தான் வேண்டும்.

நடுவில் ஆர்.சி.யின் (பதிவுச் சான்றின்) 15 வருஷம் முடிந்தது. முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலுக்கு முன் பைக்குக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் எனக்கு 1,000 ஆனது. பசுமை வரி தனி. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தது, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார், நம்பரைச் சரிபார்த்தார். ஐந்து வருஷத்துக்குக் கிடைத்தது. ஆர்.சி.யில் கறுப்பு என்றிருப்பதால் பெயின்ட்டும் கறுப்பே அடித்திருந்தேன். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது.

அதற்கப்புறம்தான் அலங்காரம். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற வேலை மட்டும்தான் செய்வது என்று வைத்துக்கொண்டேன். ஹேண்டில்பாரை உயர்த்த அதற்கு அடியில் ஒரு இன்ச் ரைசர். போட்டதும் என்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸும் விறைக்கக் கூடாது. ஒரு இன்ச் தாங்கியது. இன்னும் உயரம் வேண்டுமென்றால் கேபிள், ஹோஸ், வயரிங் எல்லாவற்றையும் நீட்ட வேண்டும், அதில் எனக்கு ஆசையில்லை. சீட் கவர் கடையில் ஃபோமைக் கொஞ்சம் கெட்டியாக மாற்றி, பின்னால் ஒரு பேக்ரெஸ்ட் வைத்தேன். மனைவியிடம் பாராட்டு வாங்கிய ஒரே மாற்றம் அதுதான். பக்கப் பைகளைத் தள்ளிப் பிடிக்க இரும்பு ஸ்டே (தாங்கி) வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வலது பக்கப் பை சைலன்சரில் படிந்து கருகும்.

சைலன்சரை மட்டும் தொடவில்லை. புகை சுலபமாக வெளியேறும் குழாயைப் போட்டுவிட்டு ஜெட்டை மாற்றாமல் விட்டால் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு குறைந்து, என்ஜின் சூடேறி, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட்டாசு மாதிரி வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே மாற்றுகிறவர்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.