அலசும் நொடிகளுக்காக வடிவமைப்பது: ஈரம் காக்கும் பாடி வாஷ் பற்றி

பாடி வாஷ் ஒன்றை உருவாக்கித் தரச் சொல்பவர்கள் ஏறத்தாழ எப்போதும் இரண்டு விருப்பங்களைச் சேர்த்தே சொல்கிறார்கள். குளித்த பின் தோல் வறண்டு இழுக்கக் கூடாது. அலசி முடித்த பின் உடம்பில் ஏதோ படிந்திருப்பது போன்ற வழவழப்பும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்ற எண்ணம் இத்துறையில் பரவலாக இருக்கிறது. எண்ணெயையும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமரையும் கூட்டினால் வழவழப்பு நீங்குவதில்லை, குறைத்தால் வறட்சி திரும்புகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். குப்பிக்குள் இருக்கும் கலவையை மட்டும் பார்த்தால் அந்த எண்ணம் சரியாகவே தோன்றும். ஆனால் தோலைத் தொடும் கலவை வேறு. அது கையில் நீரோடு சேர்ந்து சில மடங்கும், பிறகு நுரையாகி இன்னும் சில மடங்கும், கடைசியில் ஓடும் நீரில் நூறு மடங்குக்கு மேலும் நீர்த்துப்போகிறது. அந்தச் சில நொடிகளில் என்னென்ன நிகழ வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி வந்தால், இரண்டு விருப்பங்களையும் பெருமளவு நிறைவேற்ற முடியும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் கைகள் பழகிய உணர்வு அதனுடையது. சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. அதன் கரைசலின் பி.எச். அளவு பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் அதனோடு சேரும்போது நீரில் கரையாத உப்புகள் உண்டாகி, குளியலறைச் சுவரில் வெண்மையாகப் படிவது போலவே தோலிலும் மெல்லிய படிவாகத் தங்குகின்றன. ஈரமான தோலில் விரலை ஓட்டும்போது அது வழுக்காமல் தடைபட்டு, சில வேளைகளில் கீச்சென்று ஒலிப்பதற்கு இந்தப் படிவே பெரிதும் காரணம். அழுக்கு முழுவதும் போய்விட்டது என்பதற்கான அடையாளமாகப் பலரும் கருதும் அந்த உணர்வு, உண்மையில் தோலில் எஞ்சிவிட்ட ஒன்றின் உராய்வு. அதே சோப்பை மென்னீரில் பயன்படுத்துபவருக்கு எவ்வளவு நீர் ஊற்றினாலும் வழுக்கல் போகாதது போல் தோன்றும். ஆகவே அலசும் உணர்வைப் பற்றிப் பேசும் எவரும் எந்த நீரில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வறட்சி உணர்வு இதிலிருந்து வேறுபட்டது, அது வரும் நேரமும் வேறு. தோலின் மேலடுக்கான கொம்புப்படலம் உடலின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டது. கெராட்டின் நிறைந்த இறந்த செல்களும், அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றால் ஆன கொழுப்புத் தளங்களும், செல்களுக்குள்ளே நீரைப் பிடித்துவைக்கும் அமினோ அமிலங்கள் போன்ற இயற்கையான ஈரக்காப்புப் பொருள்களும் அங்கே இருக்கின்றன. சர்ஃபாக்டன்ட்டுகள் என்பவை எண்ணெயையும் அழுக்கையும் நீரோடு சேர்த்து அகற்றும் கழுவும் பொருள்கள். அவற்றில் எதிர்மின்னேற்றம் கொண்டவை கெராட்டினோடு பிணைந்து அதை வீங்கச் செய்கின்றன. ஈரக்காப்புப் பொருள்களில் ஒரு பகுதி நீரோடு வெளியேறுகிறது. கொழுப்புத் தளங்களின் ஒழுங்கும் குலைகிறது. உடம்பைத் துடைத்துச் சில நிமிடங்கள் கழித்து, வீங்கிய படலம் வேகமாக நீரை இழந்து சுருங்கும்போதுதான் தோல் இழுக்கிறது. குளிக்கும்போது இனிமையாக இருந்த ஒரு பாடி வாஷ் அரை மணி நேரத்தில் வெறுப்பூட்டுவதும், குளிக்கும்போது சற்றே வழுக்கியது மாலை வரை நன்றாக இருப்பதும் இதனால்தான். இவ்விரண்டு நேரங்களையும் ஒரே கேள்வியில் அடக்கிப் பயனர்களிடம் கருத்துக் கேட்பது வீண்.

அடிப்படைக் கலவையின் மென்மை, தோலோடு வினைபுரியக் காத்திருக்கும் தனி மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் ஒரு செறிவைத் தாண்டியதும் மைசெல் எனப்படும் திரள்களாகக் கூடுகின்றன. திரளுக்குள் இருப்பவை தோலுக்குள் எளிதில் நுழைவதில்லை. சோடியம் லாரில் சல்பேட்டை விடச் சோடியம் லாரத் சல்பேட் மென்மையாக இருப்பதற்கு, அது மிகக் குறைந்த செறிவிலேயே மைசெலாகக் கூடிவிடுவது ஒரு காரணம். அதனோடு கோகாமிடோபுரோப்பைல் பீட்டைனைச் சேர்த்தால் கலப்பு மைசெல்கள் உருவாகி, தனி மூலக்கூறுகள் மேலும் குறைகின்றன. மக்காச்சோளப் புரதமான சேயின் எவ்வளவு கரைகிறது (மிகுதியாகக் கரைத்தால் கலவை கடுமையானது) என்று பார்க்கும் பழைய ஆய்வகச் சோதனையிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். மொத்தச் சர்ஃபாக்டன்ட் அளவு 10 முதல் 12 சதவீதம் இருந்தாலே நல்ல பாடி வாஷ் ஒன்றைச் செய்துவிடலாம். அதற்கு மேல் கூட்டுவதால் கிடைக்கும் நுரையை விட இழப்பே மிகுதி என்பது என் கணிப்பு.

ஒவ்வொரு சர்ஃபாக்டன்ட்டுக்கும் அலசும்போது தனிக் குணம் உண்டு. டெசில் குளுக்கோசைடு மிகுந்த கலவைகள் அலசும்போது தோலில் தடைபடுவது போன்ற வறண்ட உணர்வைத் தருகின்றன. அமினோ அமிலம் சார்ந்த குளுட்டமேட்டுகள் பட்டுப்போன்ற வழுவழுப்போடு அலசப்படுகின்றன, ஆனால் அவற்றைக் கெட்டியாக்குவது கடினம். சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் பாலாடை போன்ற அடர்ந்த நுரையும், மென்மையான அலசலும் தரும்; குளிரில் படிகமாகப் பிரிவதும், அமிலத்தன்மை கூடினாலோ காரத்தன்மை கூடினாலோ நீரால் சிதைவதும் அதன் குறைகள். பீட்டைனை ஓர் அளவுக்கு மேல் கூட்டும்போது நுரை அழகாக இருந்தாலும் வழுக்கல் நீள்கிறது. நான் பெரும்பாலும் லாரத் சல்பேட்டும் பீட்டைனும் கொண்ட அடிப்படையில் சிறிதளவு ஐசெத்தியோனேட்டையோ குளுட்டமேட்டையோ சேர்ப்பதில் தொடங்குகிறேன். சல்பேட் என்ற பெயரைக் கேட்டதும் ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. நன்றாக அமைத்த ஒரு லாரத் சல்பேட் கலவை, மோசமாக அமைத்த சல்பேட் இல்லாத கலவையை விடத் தோலுக்கு இதமானது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

கெட்டியாக்கும் முறையும் அலசலைத் தீர்மானிக்கிறது என்பது போதிய கவனம் பெறாத செய்தி. சாதாரண உப்பைச் சேர்க்கும்போது உருண்டை மைசெல்கள் நீண்டு, புழுப்போன்ற இழைகளாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் திரவம் கெட்டியாகிறது. ஓர் உச்சத்துக்குப் பிறகு மேலும் உப்பைச் சேர்த்தால் மீண்டும் நீர்த்துவிடும். இந்த இழைகள் நீர் பட்டவுடன் குலைந்து சிறு மைசெல்களாகிவிடுவதால், உப்பால் கெட்டியான கலவை கையில் உடனே விரிந்து விரைவாக அலசப்படுகிறது. சாந்தன் கோந்து போன்ற பாலிமரால் கெட்டியாக்கியது அப்படியன்று. நீர்த்த பின்னும் அந்த நீண்ட சங்கிலிகள் நீரில் இருப்பதால், அளவு கூடும்போது நூல்நூலாக இழுபடும் வழவழப்பு உண்டாகிறது. எண்ணெய்த் துளிகளைத் தாங்கிப் பிடிக்க அத்தகைய பாலிமர் தேவைப்படும் இடங்களில் அதை இயன்ற அளவு குறைத்து, சர்ஃபாக்டன்ட்டுகளையே தளம்தளமாக அடுக்கிய லாமெல்லர் அமைப்பாக மாற்றித் தாங்கும் வலிமையைப் பெறுவது சிறந்த வழி. அந்த அமைப்பும் நீர் பட்டதும் கலைந்துவிடும்.

இனி ஈரத்துக்கு வருவோம். கிளிசரின் நீரில் எளிதில் கரைவது; சேர்த்த அளவில் மிகப் பெரும்பகுதி அலசும் நீரோடு போய்விடும். கழுவும்போது தோலின் மீதான கடுமையைத் தணிக்க அது ஓரளவு உதவும் என்றாலும், குளித்த பின்னும் நிலைக்கும் ஈரக்காப்பை அதிலிருந்து மட்டும் எதிர்பார்ப்பது சரியாகாது. தோலிலிருந்து நீர் ஆவியாகாமல் தடுக்கும் பொருள்கள் நீரில் கரையாதவையாக, அலசலைத் தாண்டித் தோலில் தங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். பெட்ரோலாட்டம் இதில் மிக வலிமையானது. சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை இலகுவானவை. துளிகள் பெரிதாக இருந்தால் தோலில் அதிகம் படியும், ஆனால் குப்பியில் பிரியும் அபாயம் கூடும். மிகச் சிறிதாக உடைத்துவிட்டால் நுரையோடு வழிந்தோடிவிடும். எண்ணெய் நுரையைத் தணிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தத் துளிகளைத் தோலில் சேர்க்கும் வேலையை நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமர்கள் செய்கின்றன. இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கோந்தை மாற்றியமைத்துப் பெறும் வகை, செல்லுலோஸிலிருந்து வரும் பாலிகுவாட்டர்னியம்-10, செயற்கைப் பாலிமரான பாலிகுவாட்டர்னியம்-7 ஆகியவை பெரிதும் பயன்படுபவை. குப்பிக்குள் எதிர்மின்னேற்றச் சர்ஃபாக்டன்ட் மிகுதியாக இருப்பதால் பாலிமர் முழுவதும் அதனால் சூழப்பட்டுக் கரைந்தே இருக்கிறது, திரவமும் தெளிவாகவே தோன்றுகிறது. நீர் சேரச்சேரச் சர்ஃபாக்டன்ட்டின் செறிவு குறைந்து, இரண்டின் மின்னேற்றங்களும் ஏறத்தாழச் சமமாகும் ஒரு கட்டத்தில் அவை சேர்ந்து கோஅசர்வேட் எனப்படும் கூழ்போன்ற நுண்துளிகளாகப் பிரிகின்றன. அருகிலுள்ள எண்ணெய்த் துளிகளையும் இழுத்துக்கொண்டு தோலில் படிவது இந்தக் கூழ்தான். அலசுவது என்ற செயலே படியச் செய்யும் செயலாகவும் மாறுகிறது என்பதால், நீரை எதிரியாக நினைக்கத் தேவையில்லை.

எவ்வளவு நீர்த்த பிறகு அந்தப் பிரிவு தொடங்குகிறது என்பதே அலசும் உணர்வின் திறவுகோல். மிக முன்னதாகவே தொடங்கினால் கூழ் நுரையில் சிக்கி நுரையோடு போய்விடும், நுரையும் கனத்துவிடும். மிகப் பின்னதாகத் தொடங்கி நெடுநேரம் நீடித்தால், எவ்வளவு நீர் ஓடினாலும் வழுக்கல் போகாது. இதை அறிய எளிய வழி, கலவையை 2, 5, 10, 20, 50, 100 மடங்கு என வரிசையாக நீர்க்கச் செய்து கண்ணாடிக் குழாய்களில் வைத்து, எந்தக் குழாயில் கலங்கல் தொடங்குகிறது, எதில் மிகுகிறது, எதில் மறைகிறது என்று பார்ப்பது. நான் விரும்புவது 5 மடங்கை ஒட்டித் தொடங்கி, 20 மடங்கில் உச்சம் பெற்று, அதன்பின் வேகமாகக் குறையும் கலவை. உப்பு இந்த மின்னேற்றங்களை மறைப்பதால், கெட்டியாக்குவதற்காகச் சேர்க்கும் சிறிதளவு உப்பும் இந்தக் கட்டத்தை நகர்த்திவிடும். கெட்டித்தன்மையைச் சரிசெய்த பிறகு நீர்த்தல் சோதனையை மறுபடி செய்யாமல் விடக் கூடாது. பாலிமரின் மூலக்கூறு எடை கூடும்போது படிவும் கூடும், வழவழப்பும் கூடும். அளவு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை பெரும்பாலும் போதும். அதைத் தாண்டும்போது தோலில் கையை ஓட்டியதும் பாசி படர்ந்தது போன்ற உணர்வு தலைகாட்டுகிறது.

பொட்டாசியம் லாரேட், பொட்டாசியம் மிரிஸ்டேட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட திரவ சோப்புகள் அலசுவதில் இணையற்ற வேகம் கொண்டவை. அந்த வேகத்துக்காக அவற்றை விரும்புபவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை வேலை செய்யக் காரத்தன்மை வேண்டும், பி.எச். 5.5-க்குக் கொண்டுவந்தால் அந்த உப்புகள் தனிக் கொழுப்பு அமிலங்களாகிவிடும்.

பி.எச். அளவைத் தோலின் இயல்பான அமிலத்தன்மைக்கு அருகே, 5 முதல் 5.5 வரை வைப்பது எனக்கு உகந்தது. பாதுகாப்புப் பொருளாகச் சோடியம் பென்சோயேட்டைத் தேர்ந்தால் இது கட்டாயமும் ஆகிறது. நுண்ணுயிர்களைத் தடுப்பது பிரிகையுறாத பென்சாயிக் அமிலமே. அதன் பங்கு பி.எச். 5-இல் சுமார் 14 சதவீதம், பி.எச். 6-இல் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஐசெத்தியோனேட் சேர்த்த கலவையில் இந்த அமிலத்தன்மை அதன் சிதைவை விரைவுபடுத்தும் என்பதால், அங்கே வேறு பாதுகாப்புப் பொருளைத் தேடுவது நல்லது. நறுமண எண்ணெய் மைசெல்களுக்குள் புகுந்து கெட்டித்தன்மையை மாற்றும் என்பதால், அதைச் சேர்த்த பிறகே இறுதி உப்பு அளவை முடிவு செய்ய வேண்டும்.

மதிப்பிடும்போது உள்ளங்கையை நம்புவதில்லை. அங்கே கொம்புப்படலம் மிகத் தடிமனானது, எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. முன்கையின் உட்புறத்தில், ஒரு கையில் சோதனைக் கலவையும் மறு கையில் ஒப்பீட்டுக் கலவையும், ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே வெப்பநிலை நீர் என்று வைத்துக்கொண்டு, அலசும்போதும், ஈரத்தோடு இருக்கும்போதும், துடைத்துப் பத்து நிமிடங்கள் கழித்தும், சில மணி நேரம் கழித்தும் தனித்தனியே குறித்துக்கொள்கிறேன். மென்னீரிலும் கடின நீரிலும் இதைத் திரும்பச் செய்கிறேன். வழுக்கல் நீள்வதாகத் தெரிந்தால் எண்ணெயில் கைவைப்பதற்கு முன் பாலிமரின் மூலக்கூறு எடையைக் குறைத்துப் பார்க்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் பீட்டைனின் பங்கைக் குறைக்கிறேன், பிறகு கெட்டியாக்கும் கோந்தை. எண்ணெயைக் குறைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். பத்து நிமிடங்களுக்குப் பிறகான குறிப்பைக் காப்பது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான்.