மாமன் பட்டறையில தார்ப்பாய் போட்டு மூடுன மெஷின்

போன வாரம் கோயமுத்தூர் கணபதிலருந்து மாமன் வந்திருந்தாரு, டிவிஎஸ் 50 முன்னாடி கோணிச் சாக்குல சுத்துன சிபியு. பட்டறைல இரும்பைத் தானாச் செதுக்கற விஎம்சி மெஷினுக்கு ப்ரோக்ராம் போடற கம்ப்யூட்டருங்க அது. கேபினட்டைக் கழட்டுனா உள்ள இரும்புத் தூளு எண்ணெயோட சேந்து சிப்பு சூட்டை இழுக்கற ஹீட்சிங்க் மேல களி மாதிரி அப்பிக் கெடக்குது, ப்ளோயர்ல ஊதுனா அசையவே இல்ல, பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துட்டு ஒக்காந்துட்டேன்.

அப்பத்தான் கம்ப்யூட்டர் சிப்பு செய்யற ரெண்டு அமெரிக்கக் கம்பெனிங்களைப் பத்திக் கேட்டாரு. "ஏனுங்க மாப்ள, இன்டெல்காரன்கிட்ட இல்லாத காசுங்களா, அப்புறம் எப்படிங்க அந்த ஏஎம்டிக்காரன் முந்துனான்?"

கேள்வி இன்டெலைப் பத்தி இல்லைங்கறது எனக்குத் தெரியும். லோன் போட்டு வாங்குன விஎம்சி ரெண்டு மாசமா தார்ப்பாய் போத்தித் தூங்குது, ஆபரேட்டர் பையன் ஓசூர்ல எட்டாயிரம் சேத்தித் தர்றாங்கன்னு கெளம்பிட்டான். "காசு கெடக்குதுங்க, ஆளுதான் முக்கியம்"னு பதிலையும் அவரே சொல்லிட்டாரு.

ஏஎம்டியோட ரைசன் சிப்பு வந்த புதுசுல நானும் இதையேதான் பேசிட்டுத் திரிஞ்சேன். 2015ல ஏஎம்டி ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணுனது 100 கோடி டாலர் கூட இல்ல, இன்டெல் அதே வருசம் 1,200 கோடிக்கு மேல. 2013லயே ஏஎம்டி அமெரிக்காவுல ஆஸ்டின்ல இருந்த சொந்த ஆபீஸை 16 கோடிச் சில்லறை டாலருக்கு வித்துட்டு அதுலயே வாடகைக்கு இருந்தாங்க, தோட்டத்தை வித்துப்போட்டு அதே தோட்டத்தைக் குத்தகைக்கு ஓட்டற கதைதான். அந்தக் கஷ்டத்துலயும் 2012ல சிப்பு டிசைனர் ஜிம் கெல்லரைத் திரும்பக் கூட்டியாந்து ரைசனுக்கு அடிப்படையான ஜென் டிசைனை ஆரம்பிச்சாங்க, 2015ல அவரும் போயிட்டாரு, மிச்சம் இருந்தவங்க முடிச்சு 2017 மார்ச்ல எட்டு கோர், அதாவது ஒரே சிப்புல எட்டு மூளை மாதிரி இருக்கற சிப்பை 500 டாலருக்குள்ள விட்டாங்க. இன்டெல்ல அன்னிக்கு எட்டு கோர் வேணும்னா 1,000 டாலருக்கு மேல, சாதா டெஸ்க்டாப்புக்கு பல வருசமா நாலே கோர்தான்.

இதைக் கேட்டா ஆளுதான் ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா அந்த சிப்பை அடிச்சுக் குடுத்தது யாரு? 2009ல ஏஎம்டி தன்கிட்ட இருந்து பிரிச்சு விட்ட குளோபல்ஃபவுண்டரீஸ். அதுக்குப் பின்னாடி இருந்தது அபுதாபி அரசாங்கத்துப் பணம், 14 நானோமீட்டர்னு சிப்பு அடிக்கற டெக்னாலஜி சாம்சங்கிட்ட லைசென்ஸ் வாங்குனது. காசு இருந்துச்சுங்க, அடுத்தவன் பாக்கெட்டுல இருந்துச்சு, அவ்வளவுதான். நம்மூர்ல எடுத்ததுக்கெல்லாம் ஜி.டி.நாயுடுவைச் சொல்றோமே, 1937ல மோட்டார் பண்ணுனதை மட்டும் சொல்லுவோம், 1920ல பொள்ளாச்சி பழனி ரூட்ல ஒத்தை பஸ்ஸை வுட்டு ஆரம்பிச்சு பஸ்லயே சம்பாதிச்சு வெச்சிருந்தாருங்கறதை வசதியா மறந்துருவோம்.

சரி அப்ப காசுதானான்னா அதுவும் இல்ல. நான் சர்வீஸ் லைனுக்கு வந்தது 2005, கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடைல வேலை. இன்டெலோட பென்டியம் 4 பிரஸ்காட் சிப்பு ஓடிட்டு இருந்த காலம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ், தகரக் கூரை, சித்திரை வெயிலு, பிற்பகல் ரெண்டு மணியானா நாலு மெஷினும் வரிசையா ஆஃப் ஆகும், ஃபேன் சத்தம் மாவு மில்லு கெட்டுச்சு போங்க. நாங்க சைடு மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சுட்டு வருவோம், அதுதான் அன்னிக்கு எங்க எஞ்சினியரிங். ஒலகத்துலயே பெரிய சிப் கம்பெனியோட சரக்கு இது. இதே கம்பெனிக்கு இஸ்ரேல்ல ஹைஃபாங்கற ஊர்ல ஒரு டீம் இருந்துச்சு, லேப்டாப்புக்குன்னு சூடாகாத சிப்பு பண்ணிட்டு இருந்தவங்க, 2003ல பென்டியம் எம் விட்டாங்க. 2004ல பென்டியம் 4க்கு அடுத்து வர வேண்டிய டிசைனையே இன்டெல் தூக்கிப் போட்டுருச்சு, 2006ல வந்த கோர் 2 அந்த ஹைஃபா ஆளுங்க கை. ஒரே கம்பெனி, ஒரே காசு, ரெண்டு பக்கமும் மூளைக்காரனுங்கதான். பெரிய ரூம்ல இருந்தவங்க வேகம்தான் முக்கியம், கிகாஹெர்ட்ஸ் கிகாஹெர்ட்ஸ்னு ஓட்டிட்டு இருந்தாங்க, சின்ன ரூம்ல சொன்னது மேல ஏறவே அத்தனை வருசம்.

இன்னொன்னு, இதை நெனைச்சா எனக்கு சிரிப்பா வரும். ஈயுவிங்கற ஒளியால ரொம்பப் பொடிக் கோடா சிப்பு அடிக்கற மெஷினைச் செய்யற நெதர்லாந்து கம்பெனி ஏஎஸ்எம்எல்லுக்கு 2012ல இன்டெல், தைவான்ல சிப்பு அடிச்சுக் குடுக்கற டிஎஸ்எம்சி, சாம்சங் மூணு பேரும் பணம் போட்டாங்க, அதுல பெரிய பங்கு இன்டெலோடது, 400 கோடி டாலருக்கு மேல. டிஎஸ்எம்சி 2019லயே அந்த மெஷின்ல சிப்பு அடிச்சு வித்துச்சு, இன்டெலோட ஈயுவி சிப்பு கடைக்கு வந்தது 2023ல.

இவ்வளவையும் பிரஷ்ஷைத் தேய்ச்சுட்டே சொல்லி முடிச்சு, தெர்மல் பேஸ்ட் போட்டு ஆன் பண்ணுனேன், சத்தமே இல்லாம ஓடுச்சு. மாமன் ஒண்ணும் பேசல. சாக்கைச் சுத்திக் கட்டறப்பத்தான் மெதுவா ஆரம்பிச்சாரு. "அந்தப் பையன் போறதுக்கு முந்தி பீஸைப் புடிச்சு வெக்கற பிக்ஸ்சரை மாத்துங்க, பீஸு ஆடுதுன்னு மூணு நாலு தடவை சொன்னானுங்க மாப்ள. மெஷினு இத்தனை லட்சம், ஆடறதாவதுன்னு நாந்தான் சத்தம் போட்டு வுட்டேன்."

நான் பில்லு எழுதிட்டு இருந்தேன்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு திரும்பிப் பாத்தாரு. "அவனோட பழைய நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"