மார்மன்களைப் பார்த்து எழுதியவரும் பார்க்காமல் எழுதியவரும்

அமெரிக்காவில் தோன்றிய மதப்பிரிவினரான மார்மன்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் எழுதியதைப் படிக்கிறீர்களா? அவர் அந்த மக்களை நேரில் பார்த்தாரா என்று முதலில் தேடுங்கள்.

1863 ஜூனில் சார்லஸ் டிக்கன்ஸ் லண்டன் துறைமுகத்தில் 'அமேசான்' கப்பலில் ஏறினார். அதில் அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குக் குடிபெயரும் மார்மன்கள், அவர் கணக்கில் 800 பேர். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயாராகத்தான் போனார். ஆனால் அங்கே குடிபோதையில் யாரும் இல்லை, வசைச்சொல் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நம்பிக்கையை ஏற்காமலே, கண்டதைக் கண்டபடி எழுதினார். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய நேர்மை இல்லை என்பேன்.

கோனன் டாயிலோ யூட்டாவை மிதிக்காமலே, 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், தப்பி ஓடுவோரைத் துரத்திக் கொல்லும் ரகசியப் படையை அங்கே உலவவிட்டார். நாவலின் இரண்டாம் பாகத்தில் முதல் 5 அத்தியாயங்கள் இந்தக் கதைதான். சிறுவயதில் படிப்பவர்கள் அதை வரலாறென்றே நம்பிவிடுகிறார்கள். 1923இல் டாயில் யூட்டாவின் தலைநகர் சால்ட் லேக் சிட்டிக்குப் போனபோது, மார்மன்கள் தங்கள் டேபர்னக்கிள் என்னும் வழிபாட்டு அரங்கிலேயே அவருக்குப் பேச மேடை கொடுத்தார்கள்!

மார்க் ட்வைன் 1861இல் அங்கே தங்கியது சொற்ப நாள்தான். ஆனால் அவர்களின் புனித நூலான மார்மன் நூலையே எடுத்து, மேற்கோள் காட்டி விமர்சித்தார். கேலி கடுமையானது; ஆதாரம் கண்முன் இருக்கிறது.

டிக்கன்ஸ் கட்டுரை சிறியது. அதிலிருந்து தொடங்குங்கள்.