நம் பள்ளிக் களமும் மாலைக் கழகமும்

நம் பள்ளிக் களத்தில் மாலைதோறும் ஆடிவந்த கூடைப்பந்துக் கழகத்துக்குத் தொடக்க நாள் என்று ஒன்றைச் சொல்வது கடினம். ஏனெனில், பெயர்ப்பலகை மாட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாத மாணவர்களும் அவர்களோடு ஆட வந்த சைதாப்பேட்டை இளைஞர்களுமாக அது நடந்துகொண்டிருந்தது. அதன் வேரைத் தேடினால் பக்கத்திலுள்ள நந்தனத்துக்குத்தான் போக வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் 1891-இல் இவ்விளையாட்டை உருவாக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் எந்தெந்தப் பள்ளியில் சேர்ந்தார்களோ அங்கெல்லாம் இரண்டு கம்பங்கள் முளைத்தன. எங்கள் பி.டி. மாஸ்டரும் அக்கல்லூரியில் பயின்றவரே.

கோப்பைகளைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மறக்காதது, மூன்று புள்ளிக் கோடு வந்த காலம். அந்த வளைவுக்கு வெளியே நின்று எறிந்து கூடையில் போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. பன்னாட்டு விதிகளில் 1984-இல் அது சேர்க்கப்பட்டபோது, நம் சிமென்ட் தரையிலும் அதை வரைந்தாக வேண்டும் என்று மூத்த அண்ணன்மார் முடிவு செய்தார்கள். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை வளையத்தின் நடுவிலிருந்து இறக்கித் தரையில் புள்ளி வைத்தார்கள். கயிறு இழுபடும் என்பதால் 6.25 மீட்டர் நீளத்துக்குக் கட்டுக்கம்பியை வெட்டி, ஒருவர் புள்ளியில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுநுனியில் சாக்கட்டியோடு குந்தியபடியே நகர்ந்து வளைவை வரைந்தார். பெயின்ட் காயும்வரை எவரையும் களத்தில் இறங்கவிடவில்லை. உயரமானவர்கள் குறைந்த நம் அணிக்கு அக்கோடு பெரிய வரமாக அமைந்தது என்பேன். வளையத்தடியில் இடிபட்டுக்கொண்டிருந்த குள்ளமான பையன்கள் வெளியே நின்று எறியப் பழகினார்கள்.

கழகத்தை உயிரோடு வைத்திருந்தது ஆட்டத்தின் மீதுள்ள காதல் மட்டுமே என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. தெற்கு ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவை கூடைப்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுபவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே பல பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது. சென்னையில் வளர்ந்து இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான். வேலை கிடைத்த அண்ணன்மார் அலுவலகம் முடிந்து திரும்பி வந்து சிறுவர்களுக்கு, ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் பந்தைப் போடும் லே-அப் கற்றுக்கொடுத்தார்கள். தனியாகப் பயிற்சியாளரை அமர்த்தக் கழகத்திடம் பணம் இருந்ததே இல்லை.

களத்துக்குக் கூரை போடலாம் என்று நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் இப்போது பேச்சு நடக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் நல்ல விளக்குகள் போட வேண்டும். மழை வருடத்தில் சில வாரங்களே தடுக்கும், ஆனால் கற்றுக்கொடுப்பவர்கள் வேலை முடிந்து வருவது எல்லா நாளும் இருட்டிய பிறகுதான்.