டர்போ எஞ்சின் அடிவாங்கினால்: ஹெட்டோடு நிறுத்தலாமா, முழுசாகப் பிரிக்கணுமா?

சித்திரை வெயிலில் மதுரை–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் விரட்டி, கூலண்ட் கொதித்துவிட்டதா? உடனே எஞ்சினை இறக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று உலோகத்துகள் இருந்தால் பேரிங்கோ பிஸ்டனோ தேய்கிறது. அப்புறம் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வேலை மட்டும் பார்ப்பது காசைக் கரியாக்குவதுதான்.

ஃபில்டர் சுத்தமா? லீக்-டவுன் சோதனை செய்யுங்கள்: சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 20 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் காற்று போகும் வழியைக் கவனியுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு). சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டும் ஹெட்டோடு முடியலாம். ஆயில் ஊற்றும் வாயில் பலமாக வந்தால் ரிங் அல்லது பிஸ்டன். முழுசாகப் பிரித்தே ஆகணும்.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை, உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதே இறுதி. பிளாக் முகத்தையும் அளக்கணும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளாக் வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் சீக்கிரம் ஊதிக்கொள்ளும். கோண அளவில் (இத்தனை டிகிரி என்று) முறுக்கும் ஹெட் போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை முறுக்கியதில் நீண்டுபோன போல்ட் பிடிக்காது.

பேரிங் போன எஞ்சினை ரீபில்ட் செய்தால் ஆயில் கூலரைப் புதுசாகவே போடுங்கள். அதற்குள் தங்கிய துகளை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. புது பேரிங்கையும் அது தின்றுவிடும்.

ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிய) வண்டியில் பிஸ்டனின் ரிங் மேடு (ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவில் உள்ள பகுதி) உடைந்திருந்தால் நாக்கிங்கை, அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதை, சந்தேகியுங்கள். இக்னிஷன் டைமிங், இன்ஜெக்டர், எரிபொருள் அழுத்தம் மூன்றையும் சரிபார்க்காமல் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அழுத்தி வார்த்தெடுக்காமல் அடித்து உருவாக்கிய, வலுவான பிஸ்டன்) வாங்காதீர்கள்.