‘ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்தார்’ என்ற அந்த ஒரு வரி

ஸ்ட்ரோக் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை, பில் கட்டும் முன்பே ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். ‘ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்தார்’ என்று ஒரு வரி இருக்கும். பல நேரம் அவர் பார்த்தது பேச்சை அல்ல, விழுங்குவதை: தண்ணீர் புரையேறுகிறதா, மூக்குக் குழாயை எடுக்கலாமா என்று. மொழித் திறனை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு வந்த தாளில் ‘டிஸார்த்ரியா’ என்று வேறு போட்டிருந்தார்கள். அது நாக்கும் உதடும் தளர்ந்து உச்சரிப்பு குழறுவது. சொல்லே அகப்படாமல் தவிப்பதும், எதிரில் இருப்பவர் பேசுவது புரியாமல் போவதும் அஃபேசியா. நாக்கை நீட்டு, கன்னத்தை உப்பு என்ற பயிற்சியெல்லாம் இதற்கு உதவாது. அப்படிப் போன வாரங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். தாளைத் திருத்தக் கவுண்டரில் கேட்டால் "சிஸ்டத்தில் ஏற்றியாச்சு சார்" என்பார்கள். ரவுண்ட்ஸ் வரும் நியூராலஜிஸ்டிடமே கேட்டு, ‘அஃபேசியா, ஸ்பீச் தெரபி தேவை’ என்று எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவை இன்ஷூரன்ஸில் கேட்கவும் அந்த வரி வேண்டும்.

அடுத்த சிக்கல் பெங்களூருக்கே உரியது. தெரபிஸ்ட் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சோதிப்பார். நோயாளி வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர். மூன்றும் சேர்ந்தே மீள்வதுதான் அதிகம், ஆனால் ஒன்று முந்தி மற்றது பின்தங்குவதும் உண்டு. ஒரே மொழியில் எடுத்த மதிப்பெண் பாதிக் கதைதான். யாரிடம் எந்த மொழி, எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைத்தால் சிலாக்கியம், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே துறை இருக்கிறது.

"தானாச் சரியாகிடும்" என்பது பாதி உண்மை. இறந்த நரம்பணுக்கள் திரும்பாது. வீக்கம் வடிந்து, சுற்றிலும் திகைத்துப்போன பகுதி விழித்துக்கொள்வதால் முதல் வாரங்களில் கொஞ்சம் பேச்சு வரும். அதன்பின் மூளையின் இடது பக்கத்தில் மிஞ்சிய பகுதிகளும் ஓரளவு வலது பக்கமும் வேலையை ஏற்க வேண்டும். அதற்குப் பேசிப் பழகியாக வேண்டும். முதல் 3 மாதம் வேகம் அதிகம். ஆனால் "ஆறு மாசம் தாண்டிடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள். 6 மாதம் கடந்தவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 வாரம் பயிற்சி தந்ததில் அன்றாடப் பேச்சு தேறியதை 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஜெர்மன் ஆய்வு காட்டியது. வாரம் ஒரு அப்பாயின்ட்மென்ட் எந்த மூலைக்கு? மீதியை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டும்.

வீட்டில் உறவுக்காரர்கள் கூடி ஒன்று, இரண்டு சொல்லச் சொல்வார்கள், ஸ்லோகம் பாடச் சொல்வார்கள். தங்குதடையின்றி வரும்; ‘பேச்சு வந்துடுச்சு’ என்று போன் பறக்கும். மனப்பாடம் வேறு, ‘காபி வேணும்’ என்று தானாகக் கேட்பது வேறு. பொருளைக் காட்டி, பத்து விநாடி காத்திருந்து, வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்: ‘கா...’. முழுச் சொல்லையும் நாமே சொல்லிவிட்டால் அவர் தேடுவதை நிறுத்திவிடுவார். எழுத்தைத் தொட்டுக் காட்டும் எழுத்துப் பலகை பெரும்பாலும் வீண், எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும், படங்கள் தேவலை.

தலையாட்டலை நம்பி மாத்திரையோ கையெழுத்தோ வேண்டாம். "வலிக்குதா?" என்பதற்கு ஆமாம் என்றால், சற்றுப் பொறுத்து "வலி இல்லையா?" என்று கேளுங்கள். அதற்கும் ஆமாம் என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை.

யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போகும்போது, கை கால் குறைபாட்டை மட்டும் டிக் அடித்து அனுப்பப் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தக் கட்டத்தையும் டிக் செய்து, மொழிச் சோதனை ரிப்போர்ட்டின் நகலை இணையுங்கள்.